வெளிச்சத்துக்குப் பின்னால்

கேட் போட்டுவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய நீளக் கம்பி ஆடி ஆடி இறங்கி, தெய்வநாயகத்தின் காருக்குக் கொஞ்சம் முன்னால் வந்து ஓய்ந்தது. அவர் இன்ஜினை அணைத்தார். அடுத்தபடியாக விளக்கை அணைக்க வேண்டும். பொழுது சாய்ந்தபின் இந்த ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டி எதுவானாலும், பேருந்தோ பால்வண்டியோ, விளக்கை அணைத்துவிட்டுத்தான் நிற்கும். இல்லாவிட்டால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ரயில் போகும்வரை கண்ணை இடுக்கிக்கொண்டு தவிக்க வேண்டும். அந்த வழக்கம் இந்த ஊரில் தானாக முளைத்துவிடவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் தெய்வநாயகம் தம் மாணவர்களைக் கூட்டிவந்து, வருகிற போகிற வண்டிகளின் முகப்பு விளக்கிலெல்லாம் கூச்சம் குறைய ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டி, கேட்கீப்பர் அறைச் சுவரில் 'எதிரே நிற்பவருக்கும் கண் இருக்கிறது. விளக்கை அணைப்பீர்' என்று பலகை அறைந்து, கேளாதவர்களின் கார்க் கதவை விரல் கணுவால் தட்டித் தட்டி உண்டாக்கிய வழக்கம் அது. அதே விரல்கள் இப்போது ஸ்டியரிங்குக்குக் கீழே விளக்குத் திருகைப் பிடித்துக்கொண்டிருந்தன. திருகவில்லை. ஏனென்றால் கம்பி இறங்கிய அந்தக் கணத்தில், அவருடைய காரிலிருந்து புறப்பட்ட, வேட்டிக்குப் போடும் நீலம் சற்றுக் கூடிவிட்டாற்போன்ற அந்த வெள்ளை வெளிச்சம் தண்டவாளங்களைத் தாண்டிப்போய் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தின்மேல் விழுந்தபோது, முன்வரிசையில், ஒரு மொபெட்டின் பின்னிருக்கையில், மாவுக்கட்டுப் போட்ட ஒரு கை பளிச்சென்று தெரிந்தது. கட்டுக்கு மேலே பரோட்டா மாஸ்டர் சவரிமுத்துவின் முகம்.

அணைத்தால் கார் தெரியும். கார் தெரிந்தால் அவர் தெரிவார். அணைக்காதவரை இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் குழி, அவ்வளவுதான். அதற்குள் இருப்பது என்ன வண்டி, உள்ளூர்க்காரனா வெளியூர்க்காரனா, அங்கிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒளிந்துகொள்ள வெளிச்சத்துக்குப் பின்னால் இருப்பதைப்போல நல்ல இருட்டு வேறு கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதுமே, இதை வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்குமே என்று இன்னொன்றும் தோன்றியது. முதலாவதைவிட இரண்டாவதற்காக அதிகம் வெட்கப்பட்டார். "என்னங்க, விளக்கு எரியுது," என்றாள் அரசி. பக்கத்து இருக்கையில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சித்தப்பா பேத்திக்கு இன்று திருமண வரவேற்பு. "தெரியும்." "தெரியும்னா அணைங்க." "இது புது பல்பு, அரசி. சும்மா சும்மா அணைச்சு அணைச்சுப் போட்டா ஆயுசு குறையும்." பொய். பச்சைப் பொய். எல்இடியை நாள் முழுதும் அணைத்து அணைத்து ஏற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இழை பல்புக்குத்தான் அந்த நோவு. போன மாதம்கூட இரண்டாம் ஆண்டு வகுப்பில் இதை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் பொய் சொல்வது ஒரு மாதிரி என்றால், மனைவியிடம் இயற்பியலில் பொய் சொல்வது இன்னும் ஒரு படி கீழே. எதிர்ப்பக்கத்தில் சத்தம் கிளம்பிவிட்டது. "யோவ், யாருய்யா அது? மாப்பிள்ளை ஊர்வலமா?" "டேய், ஷூட்டிங் நடக்குதுடா, தலையச் சீவிக்க!" "அணைடா வெண்ணெ!" பிறகு, எல்லாவற்றுக்கும் மேலாக, பழகிய ஒரு குரல், கரகரவென்று: "தெய்வநாயகம் சார் மட்டும் இப்ப அந்தப் பக்கம் இருக்கணும். கதவத் தட்டியே அவன் மானத்த வாங்கிருப்பாரு." சவரிமுத்துவின் குரல்தான். "உங்க பேரச் சொல்றாங்க," என்றாள் அரசி, கொஞ்சம் பெருமையாக.

கனகுவின் கடையில் வைத்தே இதை நிறுத்தியிருக்கலாம். கார்களுக்கு வயரிங் பார்க்கும் கனகு, முகப்பு விளக்கின் மஞ்சள் பூத்த கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே, "சார், எல்லாரும் எல்இடி போட்டாச்சு. ஊருல நீங்கதான் பாக்கி," என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "ஒரு ஆய்வுக்காகத்தாம்ப்பா போடுறேன்," என்றார். எதை ஆய, யாருக்காக ஆய என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை எழுந்து வந்திருப்பார். பழைய ஹாலஜன் பல்பில் ஒளி ஒரே ஓர் இழையில் பிறக்கிறது. அந்த இழை எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் பின்னாலிருக்கிற குழிக் கண்ணாடியை வளைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இழைக்குப் பதிலாக எல்இடிச் சில்லுகள் ஒட்டிய ஒரு தண்டைச் செருகினால் குவியம் தப்பும், சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் மேலே சிதறும், எதிரே வருகிறவன் கண்ணில் போய்க் குத்தும், டிம்மில் போட்டாலும் குத்தும். இதெல்லாம் கனகுவுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரில் இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கக்கூடிய ஒரே ஆள் மர ஸ்டூலில் உட்கார்ந்து, தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, செருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாமல் செய்கிறவனுக்குத் தெரியாது என்ற ஒரு நிழலாவது உண்டு. கனகு அப்புறம் கேட்டான்: "இந்தக் கறுப்புப் பொட்டு தேய்ச்சதுல பாதி வந்துருச்சு சார். மீதியையும் எடுத்துறட்டா, புதுசா ஒண்ணு ஒட்டட்டா?" தெய்வநாயகம் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு எருமை போய்க்கொண்டிருந்தது. எருமையைப் பார்த்தபடி, "எடுத்துரு," என்றார். வீட்டுக்கு வந்ததும் அரசி காரைச் சுற்றி வந்து, "என்னங்க இது, மொட்ட நெத்தியா நிக்குது?" என்று கேட்டாள். ஆய்வு என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சுத்தம் செய்தது என்றார்.

ஆய்வு இல்லை, கண். கண்ணில் புரை இறங்கத் தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். "சின்ன ஆபரேஷன் சார், காபி குடிக்கிற நேரம்." அந்தக் காபி நேரம் முழுதும் கண் விழித்தேதான் இருக்கும், மூடிக்கொள்ள முடியாது, கத்தி வருவது தெரியும் என்று எங்கோ படித்திருந்தார், அதிகம் படிப்பதில் இதெல்லாம் ஒரு தொல்லை. மூடிக்கொள்ள முடியாத கண் என்ற எண்ணமே அவருக்குப் பிடரியில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. அரசியிடம் சொன்னால் மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிடுவாள். சொல்லவில்லை. ஆனால் சாயங்காலங்களில் சாலை கரைய ஆரம்பித்தது. எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் பஞ்சு மிட்டாய்போல விரிந்து கண்ணாடி முழுதும் அப்பிக்கொண்டது. அடுத்தவன் விளக்கின்மேல் அவருக்கு இருந்த கோபத்துக்கெல்லாம் அறிவியல், நாகரிகம், பொதுநலம் என்று பெயர் வைத்திருந்தாரே, அதில் பாதி இந்தப் புரைதானோ? பலகை அறைந்தபோதே கண் மங்கத் தொடங்கிவிட்டதோ? இருக்காது, அது ரொம்பப் பழைய கதை. இருந்தாலும் இருக்கும். எப்படியோ, அடுத்தவன் வெளிச்சம் தன்னை எவ்வளவு குருடாக்கியதோ அவ்வளவுக்குத் தனக்கும் வெளிச்சம் வேண்டுமென்று பட்டது. நன்றாகத் தெரிந்தால் போதும். அவர் கேட்டது அவ்வளவுதான், நன்றாகத் தெரிய வேண்டும். புது பல்பு போட்ட அன்று வாய்க்கால் ரோட்டில் தனியாக ஓட்டிப்பார்த்தபோது ஒவ்வொரு கருவேல முள்ளும் தனித்தனியாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகக் கண்ணாடி போட்ட நாளைப்போல ஒரு சந்தோஷம். இதற்காக யாரிடம் வேண்டுமானாலும் திட்டு வாங்கலாம் என்றுகூட நினைத்தார். பிறகு வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது.

மஞ்சள் விளக்கு வந்தது, ஆடியது, காணவில்லை. இதை எத்தனை முறை மனதில் ஓட்டிப்பார்த்தாலும் இதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. இடிக்கவில்லை. உரசவுமில்லை. பக்கத்துச் சந்தில் திரும்பியிருப்பான் என்று நினைத்தார். வாய்க்கால் ரோட்டில் சந்து ஏது? ஏதோ விழுந்த சத்தம்; மட்டை விழுந்திருக்கும்; அங்கே தென்னை ஏது? கால் தானாகப் போய்ப் பிரேக்கை மிதித்தது. கார் தயங்கியது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் சாலை சிவப்பாகத் தெரிந்தது, அவருடைய பிரேக் விளக்கின் சிவப்பு. அந்தச் சிவப்பில் யாரும் இல்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தவளை கத்துகிற இடத்தில் என்ன நடந்திருக்கப்போகிறது, ஏதாவது நடந்தால் அவை நிறுத்தியிருக்குமே என்று, இத்தனை படித்த ஒரு மனிதர், தவளையைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். மறுநாள் கல்லூரி ஆசிரியர் அறையில் செய்தி இப்படி வந்தது: பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை சவரிமுத்து மாஸ்டர் வாய்க்காலில் விழுந்து கை மணிக்கட்டு முறிந்துவிட்டது, இனி பரோட்டா என்ன கதியோ. ஊரே வருத்தப்பட்டது, அந்த வருத்தத்தில் கைக்கு எவ்வளவு பங்கு, பரோட்டாவுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். தெய்வநாயகம் அன்று சாயங்காலமே கடைக்குப் போனார். ஏன் போனார்? சொல்லத்தான் என்று போகும்போது நினைத்திருந்தார்.

சவரிமுத்து கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மாவுக்கட்டை மடியில் கிடத்திக்கொண்டு, சாம்பார் வைக்கிற பெரியவரைப் பரோட்டா வீச வைத்துக்கொண்டிருந்தார். "வீசுங்கண்ணே, ஈரத்துணிய உதர்ற மாதிரி வீசுங்க. என்னண்ணே, பச்சப்புள்ளயத் தூக்குற மாதிரி தூக்குறீங்க?" வந்த பரோட்டா தோல் செருப்பு மாதிரி இருந்தது. தெய்வநாயகம் அதைக் குருமாவில் ஊறவைத்து, மென்று, மென்று, விழுங்கினார். இன்னொன்றும் வாங்கித் தின்றார், தண்டனையைத் தானே கூட்டிக்கொள்கிற திருப்தியோடு. "எப்படி மாஸ்டர் விழுந்தீங்க?" என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே கேட்கப் பிடிக்கவில்லை. "கார் ஒண்ணு சார். மின்னலு மாதிரி வெள்ள லைட்டு. ரோடும் தெரியல, வாய்க்காலும் தெரியல. அப்புறம் வாய்க்கால் மட்டும் தெரிஞ்சிச்சு." பக்கத்து மேசையில் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான், வாயைத் திறந்தார், வாயிலிருந்து வந்தது இது: "கூசுற வெளிச்சம் பட்டா கண்மணி சட்டுனு சுருங்கிடும் மாஸ்டர். மறுபடி விரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் நீங்க குருடுக்குச் சமானம்." பாடம் நடத்தினார். கண்ணைக் குருடாக்கிவிட்டு, குருடாவது எப்படி என்று பாடம் நடத்தினார். சவரிமுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொன்னாச் சரிதான் சார். ஆனா ஒண்ணு. அவன் கொஞ்சம் தள்ளிப் போயி பிரேக் போட்டான். செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு. தண்ணிக்குள்ள கெடந்து பாத்தேன். நிப்பான்னு நெனச்சேன்." "ஆளு யாருன்னு தெரிஞ்சா?" "தெரிஞ்சா என்ன சார், அடிக்கவா போறேன்? பிரேக் போட்டியே, அப்புறம் ஏன்டா போனேன்னு ஒரு கேள்வி கேப்பேன். அது ஒண்ணுதான் மண்டையில ஓடிட்டே இருக்கு." தெய்வநாயகம் கை கழுவப் போனார். குழாயடியில் வெகுநேரம் கழுவினார். வழியனுப்பும்போது சவரிமுத்து, "நீங்கதான் சார் இதுக்கெல்லாம் ஏதாவது எழுதிப் போடணும்," என்றார். "எழுதுறேன்," என்றார் அவர்.

கேட்டில் மணி அடித்தது. சரக்கு ரயிலின் கூவல் தூரத்தில் எழுந்து, பக்கத்தில் வந்து, கேட்டைக் கடந்தது. பெட்டி, இடைவெளி, பெட்டி, இடைவெளி. இடைவெளி வரும்போதெல்லாம் அவருடைய வெளிச்சம் அந்தப் பக்கம் பாய்ந்து ஒரு துண்டு உலகத்தைக் காட்டிவிட்டு அடுத்த பெட்டியில் முட்டி நின்றது: கண்ணை மூடிய ஒரு கை, பெட்டி, முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்ட குழந்தை, பெட்டி, மாவுக்கட்டு, பெட்டி. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டு வெளிச்சத்தில் எரிகிற மாதிரி இருந்தது. அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று சொல்வது அதற்கு மரியாதை. ரயில் மறைத்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டால்? ரயில் போனபின் இந்தப் பக்கம் எல்லா வண்டியும் இருட்டாக நிற்கும். எது எரிந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இடதுபுறம் செங்கல் லாரி ஒன்று நின்றது, வலதுபுறம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள். திருகினார். எவ்வளவு சுலபமாகத் திரும்பிற்று. இருட்டு வந்து காருக்குள் அவரோடு உட்கார்ந்தது. "ஆயுசு குறையாதா?" என்றாள் அரசி. அவளுக்கு எதுவும் தெரியாது, சும்மாதான் கேட்டாள், சும்மா கேட்டதால்தான் அவரால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். "எங்க போறீங்க? சேலை கசங்கிடும், நான் வரல." அவர் காதில் விழவில்லை. கேட் கம்பிவரை நடந்து அதைப் பிடித்துக்கொண்டார். கம்பி ரயிலின் ஓட்டத்தில் அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்கைவரை ஏறியது. சொல்லிவிடலாம். ரயில் போனதும் இங்கிருந்தே சொல்லிவிடலாம், மாஸ்டர், அது நான்தான் என்று, மூன்றே சொல், எழுவாய் பயனிலை இரண்டும் அதிலேயே அடக்கம். கடைசிப் பெட்டி போயிற்று. திடீரென்று ஒரு அமைதி.

எதிர்ப்பக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. கேட்கீப்பர் அறையின் சின்ன விளக்கு அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. "அட, சார்! சாரே அந்தப் பக்கம்தான் நிக்கிறாரு!" என்று சவரிமுத்து மொபெட்டிலிருந்து இறங்கினார். "நான் சொல்லல? பாத்தீங்களா, போயித் தட்டிட்டாரு, அணைச்சுட்டான்!" கூட்டம் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். தெய்வநாயகம் வாயைத் திறந்தார். "யாரு சார் அது, லாரிக்காரனா?" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல் ஒன்று. "இவனுங்களுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது. டேய் லாரி! கண்ணு என்ன உனக்கு மட்டுமா இருக்கு?" செங்கல் லாரியின் டிரைவர், தலையில் துண்டு கட்டிய நடுவயதுக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிப்பார்த்தார். வந்து நின்றதிலிருந்து அவர் விளக்கு அணைந்தே இருந்தது; எரிந்திருந்தாலும் அது ஒரு விளக்கென்று சொல்லிக்கொள்ளும்படி இருந்திருக்காது. "நானா?" என்றார். பிறகு கீழே நிற்கிற தெய்வநாயகத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "சொல்லட்டும் விடுங்க சார். நம்ம வண்டிய யாரு வேணா வையலாம்," என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த 'விடுங்க சார்' தெய்வநாயகத்தின் நெஞ்சில் எங்கேயோ ஓர் இடத்தில், பரோட்டா இறங்கிய வழியிலேயே, மெல்ல மெல்ல இறங்கியது. மூன்று சொல். மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர். கம்பி அவருடைய கையைவிட்டு மேலே எழும்பத் தொடங்கியது.

திரும்பி நடந்தார். உட்கார்ந்தார். இன்ஜின் பிடித்தது. இந்த ஊரில் கேட் திறக்கிற நேரம் ஒரு சின்னப் போர்க்களம்: இரண்டு பக்கத்திலும் சாலையின் முழு அகலத்துக்கும் வண்டிகளை நிரப்பிக்கொண்டு, யார் முதலில் புகுவது என்று எதிரும் புதிருமாக நிற்பார்கள். இன்று எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. "சாருக்கு வழி விடுங்கப்பா, சார் வரட்டும்!" என்று சவரிமுத்து நல்ல கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு, அதே கையை அவரைப் பார்த்து ஆட்டினார், வாங்க வாங்க என்று. முன்னால் தண்டவாள மேடும் பள்ளமும் கறுப்பாகக் கிடந்தன. நடந்து கடக்கிறவர்கள் நிழல் நிழலாக இறங்கத் தொடங்கியிருந்தார்கள். அவருடைய கண்ணுக்கு நிழல் எது மனிதர் எது என்று தெரியவில்லை. பக்க விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்துவிடலாம். போய்விடலாம். வரவேற்புக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடலாம். நாளைக்குக் கனகுவிடம் சொல்லிப் பழைய பல்பையே மாட்டிவிடலாம், பொட்டும் ஒட்டிவிடலாம், கட்டுப் பிரித்தபின் சவரிமுத்து பரோட்டா வீசுவார், லாரிக்காரர் மறந்துவிடுவார், ஊர் மறந்துவிடும். "போங்களேன், அவ்வளவு பேரு காத்துட்டிருக்காங்க," என்றாள் அரசி. கை திருகில் இருந்தது. பிரேக்கில் கால். அன்றைக்கும் இதே கால்தான்.

திருகினார், முழுதாக.

வெள்ளை வெளிச்சம் எதிர்ப்பக்கத்தை ஒரே வீச்சில் வாரி எடுத்தது. எல்லாம் நன்றாகத் தெரிந்தது. மாவுக்கட்டில் யாரோ பேனாவால் சிலுவை ஒன்று வரைந்திருந்தது தெரிந்தது. விரல் நுனிகள் வீங்கிப்போய் எட்டிப்பார்த்தது தெரிந்தது. வாங்க வாங்க என்று ஆடிக்கொண்டிருந்த கை பாதியில் நின்று, தயங்கி, மெல்ல வந்து கண்ணை மறைத்துக்கொண்டது தெரிந்தது. கூட்டத்தின் சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. அவர் விளக்கை அணைத்தார். இன்ஜினையும் அணைத்தார். "என்னங்க?" என்றாள் அரசி. "என்னங்க ஆச்சு?" பின்னால் ஒரு ஹாரன், இரண்டு ஹாரன், பக்கத்தில் லாரி நகரவேயில்லை. தெய்வநாயகம் இறங்கி, காருக்கு முன்னால் வந்து நின்றார். தண்டவாளத்தைத் தாண்டி யாரோ நடந்து வருவது கேட்டது. சரளைக்கல்லில் செருப்புச் சத்தம். வந்து, எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றது. முகம் தெரியவில்லை. கட்டின் வெண்மை மட்டும் தெரிந்தது. கோபத்தைவிடக் குழப்பம் அதிகமான குரலில் சவரிமுத்து கேட்டார்:

"பிரேக் போட்டீங்களே, சார்?"